16 அடி உயரத்தில் ஒரு பரண்

அமெரிக்க நாட்டின் வட எல்லையில், கனடாவைத் தொட்டுக் கொண்டு மினசோட்டா என்றொரு மாநிலம் உண்டு. ஏரிகள் நிறைந்த நாடு. பனி நிறைந்த நாடு. அதன் நடுப்பகுதியில் ஸ்டேர்ன்ஸ் என்னும் மாவட்டம். அங்குள்ள மருத்துவமனை ஒன்றில் எங்கள் மகன் உடற்பயிற்சி மருத்துவனாகப் பணியாற்றி வருகிறான். சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் கணவனும் மனைவியுமாக அவனைக் காணச் சென்று, அக்டோபர், நவம்பர் ஆகிய இரு மாதங்களை அங்கே கழித்தோம். திரும்பி வந்தபின் உற்றாரும் பங்கு மக்களும், "அமெரிக்காவில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டனர். வானளாவிய கட்டடங்களைப் பற்றி நாங்கள் சொல்லுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். எங்கள் நினைவில் நின்றதோ, ஓர் ஓக் மரத்தில் அறையப்பட்டிருந்த பழைய பலகைகள்தாம். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

ஸ்டேர்ன்ஸ் மாவட்டத்தில் காலடி வைக்கும் கத்தோலிக்கனுக்கு அது அந்நிய நாடாகத் தோன்றுவதில்லை. சில மைல்களுக்கு ஓர் ஆலயக் கோபுரம் கண்ணில் படும். 1850-களில் பிரான்சிஸ் சேவியர் பியெர்ஸ் என்னும் சுலோவேனிய நாட்டு மறைபோதகர், "இங்கே நல்ல நிலமுண்டு, வாருங்கள்" என்று ஜெர்மன் மொழி இதழ்களில் எழுதி, ஜெர்மானியக் கத்தோலிக்கக் குடும்பங்களை இப்பகுதிக்கு அழைத்தார். 1856-இல் பெனடிக்ட் சபைத் துறவியர் வந்தனர். அவர்கள் நிறுவிய தூய யோவான் மடம் இன்றும் காலேஜ்வில் என்னுமிடத்தில் காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே நிற்கிறது. 1961-இல் கட்டி முடிக்கப்பெற்ற அதன் பேராலயத்தின் முன்னே, மணிகளைத் தாங்கி நிற்கும் கான்கிரீட் சுவரின் உயரம் 112 அடி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

கோல்டு ஸ்பிரிங் என்ற சிற்றூரின் அருகே ஒரு குன்றின் மேல் விண்ணேற்பு அன்னையின் சிற்றாலயம் ஒன்று உள்ளது. 1870-களில் வெட்டுக்கிளிகள் கூட்டங்கூட்டமாக வந்து, விளைந்த பயிரையெல்லாம் தின்று தீர்த்தன. குடியானவர்கள் அன்னையிடம் நேர்ந்து கொண்டு 1877-இல் அந்த ஆலயத்தை மரத்தால் எழுப்பினர். 1894-இல் சூறாவளி அதைத் தூக்கி எறிந்தது. இப்போதுள்ள கருங்கல் ஆலயம் 1952-இல் முடிக்கப்பெற்றது. அக்குன்றின் மேல் நின்று செபமாலை சொல்லிவிட்டு இறங்கிய அன்றுதான், எங்கள் மகனின் பங்கைச் சேர்ந்த ஒரு குடியானவர் எங்களைத் தம் பண்ணைக்கு அழைத்தார்.

அவருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேலிருக்கும். நெடிய உருவம், குறைவான பேச்சு. பால் மாடுகளும் சோள வயலும், வயலுக்கு அப்பால் 40 ஏக்கர் அளவில் சொந்தக் காடும் அவருக்கு உண்டு. வீட்டில் மனைவி, மகள், பதினான்கு வயதுப் பேரன். அடுத்த கட்டடத்தில் அவருடைய தம்பி. தம்பி சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே வாசலுக்கு வந்து எங்களை வரவேற்றார். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வு இல்லை என்பதை எங்கள் மகன் முன்பே சொல்லியிருந்தான். காரணத்தைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அங்கே நவம்பர் மாதம் என்றால் மான் வேட்டை மாதம். நவம்பர் 6-ஆம் நாளை ஒட்டிய சனிக்கிழமை துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்குகிறது. நம் ஊரில் பொங்கலை எதிர்நோக்குவதுபோல அந்த நாளை எதிர்நோக்குகின்றனர். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீடு திரும்புகின்றனர். கடைத்தெருவில் எங்கு நோக்கினும் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் மேலங்கிகள். காட்டில் ஒருவரையொருவர் மானென்று எண்ணிச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, வேட்டைக்காரர் அந்நிறத்தை உடுத்த வேண்டுமென்பது சட்டம். 2017 முதல் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் அனுமதிக்கப்பட்டுள்ளது.

வாசகர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். எங்களுக்கும் எழுந்தது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றமாக்கியிருக்கிறது. அது சரியே என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். "இறைவன் படைத்த அழகிய உயிரை இப்படி ஊரே கூடிக் கொல்லலாமா?" என்று குடியானவரிடமே கேட்டோம். அவர் சினங்கொள்ளவில்லை. காட்டுக்கு அழைத்துச் சென்று, மான்கள் கடித்துக் கடித்து முழங்கால் உயரத்துக்கு மேல் வளரவிடாத இளங்கன்றுகளைக் காட்டினார். ஓநாய்கள் குறைந்துபோன அப்பகுதியில் மான்கள் மிகுந்தால் காடு புதுப்பிக்கப் பெறுவதில்லை. சாலையில் வண்டிகள் மோதி மனிதரும் மானும் மாள்கின்றனர். மான்கள் குறைந்தபோது வேட்டையை நிறுத்தவும் அவர்கள் தயங்கவில்லை. 1971-இல் மாநிலம் முழுவதும் மான் வேட்டைப் பருவமே மூடப்பட்டது. உரிமம் பெற்றவரே சுடலாம், சுட்ட மானைப் பதிவு செய்ய வேண்டும், இறைச்சியை வீணாக்கலாகாது. சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பிருந்து, மறைந்து அரை மணி நேரம் வரை மட்டுமே சுடலாம். "என் அம்மா பனிக்காலம் முழுவதும் எங்களை வளர்த்தது இந்த இறைச்சியால்தான்" என்றார் அவர். எங்கள் ஐயம் முற்றும் தீர்ந்தது என்று சொல்லமாட்டோம். ஆனால் அவர்கள் அதை விளையாட்டாகச் செய்யவில்லை என்பதைக் கண்டோம்.

மானை எப்படி வேட்டையாடுவது? மானுக்கு மூக்கே கண். காற்றில் வரும் மனித வாடையை வெகு தொலைவிலேயே உணர்ந்து ஓடிவிடும். அதன் பகைவர்களாகிய ஓநாயும் பிறவும் நிலத்தில் வருபவை; ஆகவே மேலே அண்ணாந்து பார்க்கும் பழக்கம் அதற்குக் குறைவு. எனவே வேட்டைக்காரர் மரத்தில் பரண் அமைத்து, விடியுமுன் ஏறி, அசையாமல் அமர்ந்திருக்கின்றனர். நம் முன்னோர் தினைப்புனத்தில் கிளி ஓட்டவும் யானை விரட்டவும் பரண் கட்டினர். இங்கே வேட்டைக்காகக் கட்டுகின்றனர். பயன் வேறு, அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. பரணில் இருந்து சுடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. தோட்டா கீழ்நோக்கிச் செல்வதால், குறி தவறினாலும் மண்ணில் புதைந்துவிடும். சமதரையில் சுட்டால் அது மரங்களுக்கிடையே நெடுந்தொலைவு பறந்து, அங்கே நிற்கும் யாரையேனும் தாக்கக் கூடும்.

அப்படியானால், உயரம் கூடக் கூட நல்லதுதானே? இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. மினசோட்டாவின் சட்டநூலில் நெடுங்காலம் ஒரு விதி இருந்து வந்தது. மரத்திலோ கால்களின் மீதோ நிலையாகக் கட்டப்பட்ட பரண், தரையிலிருந்து 16 அடிக்கு மேல் உயர்ந்திருந்தால், அதிலிருந்து மானைச் சுடலாகாது. பொதுச் சாலையின் எல்லைக்குள்ளும் பரண் கட்டலாகாது. ஆனால் சங்கிலியாலோ வாராலோ கயிற்றாலோ மரத்தில் பிணைத்து, வேண்டும்போது கழற்றிச் செல்லக்கூடிய பரணுக்கு அந்த உயர வரம்பு இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடும். பல மாநிலங்களில் உயர வரம்பே கிடையாது. அருகிலுள்ள மிச்சிகன் மாநிலத்திலோ, துப்பாக்கியோடு பரணேறுவதே முன்னாளில் தடை செய்யப்பட்டிருந்து, பின்னரே அனுமதிக்கப்பட்டது.

இன்னொரு விதியும் எங்களைக் கவர்ந்தது. பொதுக் காட்டில் ஒருவர் நிலையான பரணைக் கட்டினால், அது அவருக்குச் சொந்தமாகி விடாது. ஆளில்லாமல் இருந்தால் யார் வேண்டுமாயினும் ஏறி அமரலாம். "நான் கட்டினேன், எனக்கே உரியது" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பொது நிலத்தில் போட்ட உழைப்பும் பொதுவே.

பண்ணைக்குச் சென்ற அன்று மாலை, நாங்கள் எல்லாரும் காட்டின் ஓரமாக நடந்தோம். டமராக் என்னும் மரங்கள் பொன்னிறமான ஊசியிலைகளை உதிர்த்துக் கொண்டிருந்தன. தம்பியாரின் சக்கர நாற்காலியைப் பேரன் தள்ளி வந்தான். பாதை திரும்பும் இடத்தில் பருத்த ஓக் மரம் ஒன்று நின்றது. அதன் தண்டில் பலகைத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்துப் படிகளாக்கப்பட்டிருந்தன. மேலே, கிளைகள் பிரியுமிடத்தில், பாசி படிந்த ஒரு தட்டு. சில படிகள் இல்லை. சில ஒற்றை ஆணியில் தொங்கின. எல்லாரும் நின்றுவிட்டனர். ஒருவரும் பேசவில்லை.

பேரன்தான் மௌனத்தைக் கலைத்தான். "தாத்தா, சென்ற வாரம் நான் இதில் பாதிவரை ஏறினேன். பலகையை மாற்றிவிட்டால் நன்றாக இருக்கும். இந்தக் காட்டிலேயே இதுதான் உயரம். இந்த ஆண்டு நான் இதில் அமரலாமா?"

குடியானவரின் முகம் வெளுத்தது. அவர் பேரனுக்குப் பதில் சொல்லாமல், தம்பியைப் பார்த்தார். தம்பியோ மரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். "வீட்டுக்குப் போவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் திரும்பி நடந்தார்.

அன்றிரவு உணவுக்குப்பின் அடுப்பருகே அமர்ந்திருந்தபோது, அவராகவே பேசத் தொடங்கினார். அவர் பேசியது எங்களிடம். ஆனால் அது தம்பிக்காகவே பேசப்பட்டது என்பது போகப் போக எங்களுக்கு விளங்கிற்று.

"1988-இல் நாங்கள் இருவரும் அந்தப் பரணைக் கட்டினோம். வேட்டை விதிகள் அடங்கிய சிறு புத்தகம் சமையலறை மேசை மேலேயே கிடந்தது. 16 அடிக்கு மேல் கூடாது என்று இருவரும் படித்தோம். தம்பி 16-இல் நிறுத்தலாம் என்றான். பக்கத்துப் பண்ணைக்காரனுடைய பரணை விட எங்களுடையது உயரமாக இருக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் செய்தேன். 'யார் வந்து அளந்து பார்க்கப் போகிறார்கள்?' என்று கேட்டேன். 21 அடியில் கட்டினோம். உண்மைதான், யாரும் வந்து அளக்கவில்லை. 1996 நவம்பரில் தம்பி விழுந்தான்."

அவருடைய குரல் தடைப்பட்டது. "அந்த ஐந்து அடியை அன்று முதல் நான் சுமந்து வருகிறேன். மரத்தை வெட்டவும் மனம் வரவில்லை. பலகையைப் பிடுங்கவும் மனம் வரவில்லை. அது நின்றுகொண்டே என்னைக் குற்றஞ்சாட்டட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது என் பேரன் அதில் ஏறியிருக்கிறான்."

அறையில் நெடுநேரம் ஓசையில்லை. பிறகு தம்பியார் நாற்காலியை முன்னே நகர்த்தினார்.

"அண்ணா, நான் 21 அடியிலிருந்து விழவில்லை. உங்களுக்குத் தெரியும் என்றல்லவா எண்ணியிருந்தேன்? நான் தட்டுக்குப் போய்ச் சேரவேயில்லை. விடியுமுன் ஏறிக் கொண்டிருந்தேன். தோளில் துப்பாக்கி, ஒரு கையில் காப்பிக் குடுவை. மேலேயிருந்து கணக்கிட்டால் ஏழாம் படி, 14 அடி இருக்கும், கையோடு வந்துவிட்டது. எட்டு ஆண்டு மழையிலும் பனியிலும் ஆணி துருப்பிடித்திருந்தது. ஒவ்வோர் ஆண்டும் சரிபார்ப்பது என் பொறுப்பாக இருந்தது. அந்த ஆண்டு நான் பார்க்கவில்லை. 16 அடியில் கட்டியிருந்தாலும் அந்தப் படி அங்கேதான் இருந்திருக்கும், நானும் விழுந்திருப்பேன்."

ஒரே வீட்டு முற்றத்தில் கால் நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்த இரு சகோதரர்கள். நாள்தோறும் ஒரே மேசையில் உண்டவர்கள். ஞாயிறுதோறும் ஒரே விசுப்பலகையில் திருப்பலி கண்டவர்கள். ஆயினும் அந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றி அவர்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. ஒருவர் மற்றவரை நோகடிக்கக் கூடாது என்று இருவரும் மௌனம் காத்தனர். அந்த மௌனமே ஒருவரை இத்தனை ஆண்டுகள் நோகடித்திருந்தது. அண்ணன் எழுந்து சென்று தம்பியின் தோளில் கை வைத்தார். அவர்கள் நாட்டில் அதற்கு மேல் அழுது கட்டிக்கொள்ளும் வழக்கமில்லை. நாங்கள் தலைகுனிந்து அமர்ந்திருந்தோம்.

மறுநாள் எங்கள் மகனிடம் இதைச் சொன்னோம். அவன் தன் தொழிலுக்குரிய கணக்கைச் சொன்னான். 16 அடியிலிருந்து விழும் உடல் தரையைத் தொட ஒரு நொடிதான் ஆகும். அப்போது அதன் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர். 21 அடியானால் 40 கிலோமீட்டர். 14 அடியானாலும் 33. "ஒரு நொடியில் எதையும் பற்றிக் கொள்ள முடியாது, அப்பா. வேட்டைக்காரரிடையே நேரும் காயங்களுக்குத் துப்பாக்கியைவிடப் பரணே பெருங்காரணம். அதிலும் ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியை விட்டுத் தட்டில் கால் வைக்கும்போதும்தான் பெரும்பாலும் விழுகிறார்கள். முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு மீண்டும் உட்காரக் கற்றுக் கொடுப்பது எங்கள் நவம்பர் மாத வேலை" என்றான்.

மரத்தில் ஆணியடித்துக் கட்டும் பரண் ஏன் நம்பத்தகாதது என்பதையும் அங்கே கற்றுக்கொண்டோம். மரம் வளர்ந்தால் ஆணியும் உயரே போகும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அவ்வாறில்லை. மரம் நுனியில்தான் உயர்கிறது. தண்டில் அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே இருக்கும். ஆனால் தண்டு ஆண்டுதோறும் பருக்கிறது. பருக்கும்போது பலகையை வெளியே தள்ளுகிறது. ஆணியின் பிடி தளர்கிறது. ஆணி போன வழியே நீர் புகுந்து மரமும் உளுத்துப் போகிறது. கீழேயிருந்து பார்ப்பவனுக்குப் படி படியாகவே தெரியும். கால் வைக்கும்போதுதான் உண்மை தெரியும்.

அளவுக்கு மீறிய உயரத்தால் வேட்டைக்கும் பயனில்லை என்றார் தம்பியார். உயரத்திலிருந்து செங்குத்தாகக் கீழே சுடும்போது மானின் நெஞ்சுப் பகுதி குறுகித் தெரியும். குறி சற்றே தப்பினாலும் மான் உடனே மாளாமல், காயத்தோடு ஓடி, எங்கோ துன்புற்றுச் சாகும். "மானுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அது நோகாமல் சாக வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு அடியே போதும்" என்று அவர் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை.

அந்த வாரத்தில் அண்ணனும் மகளும் பேரனும் சேர்ந்து பழைய பரணைப் பிரித்தனர். அண்ணன் நீண்ட ஏணியைச் சார்த்தி, உடலில் வார் பூட்டி ஏறி, ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினார். தம்பியார் கீழே நாற்காலியில் அமர்ந்து, விழுந்த ஆணிகளை ஒரு தகரக் குவளையில் சேர்த்தார். ஓக் மரத்திலிருந்து ஐம்பது அடி தள்ளி, நான்கு கால்களின் மேல் புதிய பரண் எழுந்தது. தட்டின் உயரம் 10 அடி. சுற்றிலும் கைப்பிடிக் கம்பி. சாய்வான ஏணி. ஏணியின் அடி முதல் முடி வரை ஓர் உயிர்க்கயிறு; ஏறுபவன் தோளிலும் தொடையிலும் பூட்டிய வாரை அக்கயிற்றிலுள்ள முடிச்சில் மாட்டிக் கொண்டு, ஏற ஏற முடிச்சை மேலே தள்ளிக் கொண்டே போக வேண்டும். கால் வழுக்கினால் முடிச்சு இறுகித் தாங்கிவிடும். துப்பாக்கியைத் தோட்டா நீக்கிக் கீழேயே வைத்துவிட்டு, மேலே அமர்ந்தபின் கயிற்றால் இழுத்துக் கொள்ள வேண்டும். எப்போதும் இரு கையும் ஒரு காலுமோ, இரு காலும் ஒரு கையுமோ ஏணியைப் பற்றியிருக்க வேண்டும். வாரில் தொங்க நேர்ந்தால் கால்களில் குருதியோட்டம் தடைப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், கால் ஊன்றிக் கொள்ள ஒரு சிறு வளையமும் உடன் இருக்க வேண்டும். பேரன் இவற்றையெல்லாம் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியில் முன்னரே கற்றிருந்தான். 1979-ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவர் பொதுவாக அப்பயிற்சிச் சான்று இன்றி அங்கே துப்பாக்கி வேட்டை உரிமம் பெற இயலாது.

சிறுவன் அந்த வாரைப் பூட்டிக்கொண்டு பத்தடி ஏறி இறங்குவதைப் பார்த்துக் கொண்டிருந்த என் மனைவி என்று எழுதலாகாது; நாங்கள் இருவருமே கண்கலங்கினோம். எங்கள் குடும்பத்தில் ஒரு மூத்தவர் பனையேறியாக இருந்தவர். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, வேறு துணையில்லை. பதநீர்க் காலத்தில் நாளொன்றுக்குப் பல பனைகள், காலையும் மாலையும். ஒரு விடியற்காலையில், பனி ஈரத்தில் வழுக்கி விழுந்தவர் மீளவில்லை. 16 அடி என்றும் 21 அடி என்றும் அவருக்காக எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. பனையின் உயரமே அவருடைய உயரம். விளையாட்டுக்காகவோ இறைச்சிக்காகவோ மரமேறும் மனிதனுக்கு ஒரு நாடு இவ்வளவு கவலைப்படுகிறதே என்று முதலில் எங்களுக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு, அந்தக் கவலையும் பல குடும்பங்களின் கண்ணீரிலிருந்தே பிறந்திருக்க வேண்டும் என்று எண்ணிக் கொண்டோம்.

நவம்பர் 3-ஆம் நாள் புனித ஹூபர்ட் திருநாள். லியேஜ் நகரின் ஆயராக இருந்து 727-இல் இறந்த இவர் வேட்டைக்காரரின் பாதுகாவலர். இளமையில் வேட்டையே கதியென்று திரிந்தவர், ஒரு பெரிய வெள்ளியன்று மானைத் துரத்திச் சென்றபோது, அதன் கொம்புகளுக்கிடையே சிலுவை ஒளிர்வதைக் கண்டு மனம் மாறினார் என்பது மரபு. பழைய ஜெர்மன் வழக்கப்படி அந்தக் குடும்பத்தினர் அன்று மாலை அவருடைய படத்தின் முன் மெழுகுதிரி ஏற்றிச் செபித்தனர். வேட்டைக்காரரின் புனிதர், வேட்டையில் வென்றதற்காக அல்ல, வேட்டையில் நின்றதற்காக நினைக்கப்படுகிறார் என்பது எங்களுக்கு அன்றுதான் உறைத்தது.

சனிக்கிழமை விடியுமுன் பேரன் பரணேறினான். தம்பியார் சற்றுத் தள்ளி, தரையில் அமைத்த சிறு மறைப்பில் நாற்காலியோடு அமர்ந்தார். நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். விபத்துக்குப் பின் ஒரு வேட்டைப் பருவத்தையும் தம்பியார் தவறவிட்டதில்லை என்பதை அப்போதுதான் அறிந்தோம். அண்ணன் மட்டும் அன்றிலிருந்து காட்டுக்குள் துப்பாக்கி எடுத்துச் சென்றதில்லை. அன்றும் எடுத்துச் செல்லவில்லை. ஆனால் பேரனின் பரணடியில் ஒரு மரக்கட்டையின் மேல் செம்மஞ்சள் மேலங்கியோடு போய் அமர்ந்துகொண்டார்.

பகல் முழுவதும் குண்டோசை கேட்குமா என்று பாட்டியாரும் நாங்களும் காதைத் தீட்டிக் கொண்டிருந்தோம். அந்தக் காட்டிலிருந்து ஓசை வரவில்லை. மாலையில் மூவரும் வெறுங்கையோடு திரும்பினர். கலைமான் ஒன்று வந்ததாம். நேர் கீழே, பரணுக்கு மிக அருகில் வந்து நின்றதாம். "குறி சரியாக அமையவில்லை. காயப்படுத்திவிடுவேனோ என்று அஞ்சி விட்டுவிட்டேன்" என்றான் சிறுவன். ஏமாற்றம் அவன் குரலில் தெரிந்தது. தம்பியார், "நானாக இருந்தாலும் விட்டிருப்பேன்" என்றார். அவன் முகம் மலர்ந்தது. இறங்கும்போது வாரைக் கழற்றாமல் கடைசிப் படி வரை வந்தான் என்று தாத்தா பாட்டியிடம் இருமுறை சொன்னார். மான் வந்ததைவிட அவருக்கு அதுவே பெரிய செய்தியாக இருந்தது.

ஞாயிறன்று பங்கு ஆலயத்தில் திருப்பலி. விசுவாசிகள் மன்றாட்டின்போது, காட்டுக்குச் சென்றுள்ள யாவரும் நலமாக வீடு திரும்ப வேண்டுமென்று ஒருவர் மன்றாடினார். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரும் சொன்னபோது, எங்களுக்கு முன் விசுப்பலகையின் ஓரத்தில் சக்கர நாற்காலியும், அதையொட்டி அண்ணனும் இருப்பதைக் கண்டோம். மன்றாட்டு எப்போதும் போலத்தான் ஒலித்தது. அவர்கள் இருவருக்கும் அன்று அது எப்படி ஒலித்தது என்பது இறைவனுக்கே வெளிச்சம்.

அன்புள்ள வாசகர்களே, நம் இல்லங்களில் வேட்டைப் பரண் இல்லை. ஆனால் ஏணி இருக்கிறது; பனையும் தென்னையும் இருக்கின்றன; கட்டட வேலைக்குச் சாரம் ஏறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்று நாமும் சொல்லியிருப்போம். விதிக்கப்பட்ட அளவைக் கடைப்பிடிப்பது முதற்கடமை. அந்த அளவுக்குள்ளேயே உளுத்துப்போன படி ஒன்று இருக்கக் கூடும். அதைக் கண்டு மாற்றுவது இரண்டாங் கடமை. மூன்றாவது ஒன்றும் உண்டு. வீட்டில் நேர்ந்த விபத்தைப் பற்றி, உற்றவரோடு ஒரு நாளேனும் அமர்ந்து பேசிவிடுவது. பேசாத குற்றவுணர்வை மனிதன் தன் ஆயுள் முழுவதும் சுமக்கிறான். சுமை தனக்குரியதா என்றுகூட அறியாமல் சுமக்கிறான்.

நாங்கள் ஊர் திரும்பும்போது, தம்பியார் எங்களுக்கு ஒரு சிறு பொட்டலம் தந்தார். பிரித்துப் பார்த்தோம். துருவேறிய ஓர் ஆணி. எங்கள் வீட்டில் செபப்பீடத்தின் அருகே அது இருக்கிறது. எங்கள் தோட்டத்துத் தென்னையில் ஏற வரும் தம்பியிடம், இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறக் கூடாது என்று இப்போதெல்லாம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறோம். முதலில் அவர் சிரித்தார். ஆணியின் கதையைச் சொன்னோம். அன்றிலிருந்து கயிற்றோடுதான் வருகிறார்.